நாற்பது நிமிடம்

நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது.
சரக்கு வண்டி இன்ஜின் மாற்றி முடிப்பதற்குள்
ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே
புகாரை இன்னொரு தடவை படித்தேன்.
அனுப்பியவர் இளம்பரிதி, தோஹா.

'தினமும் காலை ஏழேகாலுக்கு
கேமரா இருட்டாகிறது. நாற்பது நிமிடம்.
மாதம் இருபத்தோராயிரம் கட்டுகிறேன்.
அந்த நேரத்தில் அப்பாவை என்ன செய்கிறார்கள்?'

நியாயமான கேள்விதான்.

எங்கள் படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள்,
ஒன்றுக்கு ஐந்து மதிப்பெண்.
சீருடை, நகம், அடையாள அட்டை,
கிழமை மாறாத மாத்திரை டப்பா,
சிரித்த முகம். அதற்கும் ஐந்து.

போன வாரம் மன்னார்குடியில் ஒரு வீடு.
நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்,
ஸ்கேல் வைத்து அடிக்கோடு, மூன்று நிறப் பேனா.
இரவு இரண்டுக்கும் நாலுக்கும்
புரட்டிப் படுக்கவைத்ததாகக் கையெழுத்து.
போர்வையை விலக்கினேன்.
குதிகாலில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுப்பு.
வீட்டார் போட்டிருந்தது ஐந்துக்கு ஐந்து.

தியாகேசன் வீடு வாய்க்கால் ஓரம்.
பொதுப்பணித் துறையில் லஸ்கர்,
முப்பத்தோரு வருடம் ஷட்டர் திருகிய வலது கை
தலையணை மேல் கிடக்கிறது, யாருடையதோ போல.
மிச்சமிருப்பது இரண்டு சொல்.
'ஆமா.' 'தண்ணி.'

அற்புதமேரி சீருடையில் இல்லை.
நைட்டிமேல் துண்டு, நகமெல்லாம் மஞ்சள்.
ஒன்று. ஒன்று.
நோட்டை வாங்கினேன்:
பதினெட்டு நாளும் நூற்றிமுப்பது எண்பது,
ஒரே பேனா, ஒரே சாய்வு.
'நேத்து ராத்திரிதான் எழுதினேன் மேடம்,
நீங்க வர்றீங்கன்னு போன் வந்துச்சு.
மெஷின் கெட்டுப்போச்சு. தம்பிகிட்ட சொன்னேன்,
பாக்கலாம்னாரு.'

அவரைப் புரட்டினோம்.
இடுப்பெலும்பு, தோள்பட்டை, குதிகால், காது மடல்.
எங்கேயும் ஒரு சிவப்பு இல்லை.
பதினாலு மாதப் படுக்கை.
அறையில் மூத்திர வாடை இல்லை,
அதை மறைக்கும் பினாயில் வாடையும் இல்லை.

ஏழேகாலுக்கு என்ன செய்கிறீர்கள் என்றேன்.
பதில் சொல்லாமல் தோள் துண்டை எடுத்து
கேமராமேல் போட்டாள்.
அப்போதுதான் கவனித்தேன்,
அதுவரை வேட்டி முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்த
அவர் இடது கை
விட்டது.

'மருமகளும் அதே போன்லதான் பாக்குதாம்,
பேரப்பிள்ளைங்களும்.'
'ஆமா' என்றார் தியாகேசன்.

என் மெஷினைக் கட்டி அழுத்தம் பார்த்தேன்.
நூற்றெழுபத்திரண்டு, தொண்ணூற்றெட்டு.
புகாரைச் சொன்னபோது கலங்காத முகம்
அந்த எண்ணில் கலங்கியது.
நான் ஒன்றும் ஆறுதல் சொல்லவில்லை.
பொய் எழுதினால் டாக்டர் அதை நம்புவார்,
மாத்திரையைக் கூட்ட மாட்டார்.
நோட்டுக்குப் பூஜ்யம் இருந்தால் போட்டிருப்பேன்.

'தண்ணி.'
டம்ளரை நீட்டினேன். தலையை ஆட்டினார்.
'குடிக்க இல்ல மேடம்,
வாய்க்கால்ல எவ்வளவு ஓடுதுன்னு கேக்குறார்.'
அதே நோட்டைத் திருப்பிப் பின்பக்கம் காட்டினாள்.
பென்சில், பச்சை மை, பால் கணக்குப் பேனா,
ஒவ்வொரு நாளும் வேறு வேறு கையில் கிடைத்தது.
பதினஞ்சு: வரல.
பதினாறு: வரல.
பதினேழு: ஈரம் மட்டும்.
பதினெட்டு: கீழ்ப்படி நனைஞ்சிது.
பத்தொன்பது: மூணாம் படி, செத்தை நிறைய.
தினமும் குளிப்பாட்டிவிட்டு
போய்ப் பார்த்து வந்து சொல்வாளாம்.
தப்பாகச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாராம்,
சத்தத்தை வைத்து.

மெஷினை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.
அலுவலகத்துக்கு விளக்கம் எழுதவேண்டும்.
இளம்பரிதிக்கு எழுதினேன்:
'உங்கள் அப்பா குளிக்கிறார்.'
அதற்கு மேல் எழுதியதையெல்லாம் அழித்தேன்.

கேட் மறுபடி மூடியிருந்தது.
கூட்டிப் பார்த்தேன். நூற்றுப்பத்துக்கு அறுபத்தெட்டு,
'மேம்பட வேண்டும்.'
மன்னார்குடிக்கு, குதிகால் போக,
தொண்ணூற்றேழு.
இன்னொரு தடவை கூட்டினேன்.
கணக்கில் தப்பில்லை.