இன்னும் ஓர் ஆள்

ஆவிக்குரிய வரங்கள் என்று
மூன்று நாள் கூட்டம் நடந்து முடிந்த ஞாயிறு
மஞ்சக்குப்பம் கோயிலில்
ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள்.
தீர்க்கதரிசனம், அந்நிய பாஷை, சுகமாக்குதல்,
போதித்தல், உபசரித்தல், இன்னும் பதினொன்று.
உங்களிடம் இருப்பதற்கு நேரே டிக் போடவும்.

பேனா எப்போதும் இருக்கும், காதில்.
இருபத்திரண்டு வருஷமாகக் கண்டக்டர்.
கடலூர் – புதுச்சேரி, நாளைக்கு ஆறு நடை.
டிக் போடத்தான் ஒன்றும் அகப்படவில்லை.

முன்வரிசையில் ஜெபமலர் டீச்சர்
நாலு டிக் போட்டதைப் பார்த்தேன்.
பார்த்திருக்கக் கூடாது.
எனக்குப் பாட வராது.
ஜெபிக்கச் சொன்னால் மூன்றாம் வாக்கியத்திலேயே
ஸ்டாப்பிங் வந்துவிடும்.
நான் கைவைத்து என் மகனின் காய்ச்சல்கூட இறங்கியதில்லை,
மாத்திரைதான் இறக்கியது.

வெறுந்தாளை நாலாய் மடித்துத்
தோள்பையில் சில்லறைக்குள் செருகினேன்.

ஆனால் எண்ணுவேன்.
அது நான் செய்வதில்லை, கண் தானாகச் செய்வது.
விசில் உதட்டில் இருக்கும்போதே
பின்சீட்டிலிருந்து முன்னுக்கு ஓடிவிடும்.
கன்னியக்கோயிலில் ஒன்றுக்கு இறங்கியவர்
இன்னும் ஏறவில்லை என்பது
அவர் மனைவிக்கு முன்னால் எனக்குத் தெரியும்.

கோயிலிலும் எண்ணுவேன்,
பிரசங்கத்தின் நடுவில், பாவமோ என்னவோ.
பெண்கள் பக்கம் எழுபத்திரண்டு.
தூணுக்குப் பின்னால் போன் பார்க்கும் மூன்று.
ஆண்கள் பக்கம், கொயரையும் சேர்த்து, நாற்பது.

ஏழு வாரமாக
முப்பத்தொன்பது.

பேஸ் பாடும் மாசிலாமணியைக் காணோம்.
எங்கே என்றும் எனக்குத் தெரியும்.
இரவு ஒன்பது நாற்பது, கடைசி நடை,
முதலியார்பேட்டையில் ஏறுவார்.
மடியில் ஒரு ரெக்சின் பை.
ஆல்பேட்டை செக்போஸ்ட் வருமுன்
பையிலிருந்து ஏதோ இடுப்புக்கு மாறும்.
என் முகம் பார்க்காமல் பணம் நீட்டுவார்.
மெஷின் கக்கியதை
அவர் முகம் பார்க்காமல் கிழித்துக் கொடுப்பேன்.
போதகர் பார்த்துக்கொள்ளட்டும், மூப்பர் போய்க் கேட்கட்டும்.
கண்டக்டருக்கு என்ன.

தாள் கொடுத்த அன்று
ஆசீர்வாதம் சொல்லப் போதகர் கையைத் தூக்கினார்.
எனக்கு அது எப்போதும் இரட்டை விசில் மாதிரி:
எல்லாரும் ஏறியாச்சு, ரைட், போகலாம்.
அன்றைக்கு நெஞ்சுக்குள் யாரோ
'ஓல்டேன்' என்று கத்தினார்கள்.
சத்தமாய் நானே கத்திவிட்டேனோ என்று பயந்து
பக்கத்தில் பார்த்தேன்.
பக்கத்தில் வெறும் பெஞ்சு.

செவ்வாய்க்கிழமை மழை.
ஷட்டரெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள்.
பதினொரு பேர். அவர் கடைசி சீட்.
கிருமாம்பாக்கம் தாண்டியதும்
பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை.

"உங்க இடம் காலியா இருக்குது."
"எண்ணுனியா?"
"ஏழு வாரமா."
"ஏழு வாரம் எண்ணிக்கிட்டேதான் இருந்தியா?"

கூட்டத்தில் எத்தனையோ கேள்வி கேட்டார்கள்.
இதை யாரும் கேட்கவில்லை.
ஷட்டர் இடுக்கில் வந்த தண்ணீர்
எங்கள் இருவர் முழங்காலிலும்
ஒரே மாதிரி சொட்டியது.

ஆல்பேட்டையில் டார்ச்சோடு ஏறிய போலீஸ்காரர்
நேரே பின்சீட்டுக்குத்தான் வந்தார்.
பையைக் காட்டுங்க, இடுப்பைக் காட்டுங்க, இறங்குங்க.
மாசிலாமணி இறங்கினார்.
கொயரில் கடைசியாக எழுந்திருப்பாரே,
அதே நிதானம்.

"ரைட் குடுண்ணே" என்றார் டிரைவர் பரசுராமன்.
கடைசி நடை, ஷெட்டுக்குப் போக வேண்டும்.
பத்துப் பேரும் உச்சுக்கொட்டினார்கள்.
பதில் சொல்லவிடாமல்
விசில் பல்லுக்கிடையில் சில்லென்று இருந்தது.
அதைக் கையில் எடுத்துக்கொண்டு
படிக்கட்டில் இறங்கி நின்றேன்,
பாதி மழையில்.

"ஒரு ஆள் வரணும்."