மூடிமேல் கல்

இரவு பதினொன்றரைக்குக் கடைசி உளுந்தை வழித்துப் போட்டு
முழங்கைவரை விட்டுக் கலக்கினேன்.
கரண்டி ஆகாது.
அதுகள் கையில்தான் குடியிருக்கின்றன.
மூடி, மூடிமேல் கல்.

முதல் இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்காது.
டிரம்மில் காதை வைத்தால்
தொண்ணூறடி ரோட்டில் லாரி திரும்புவது கேட்கும்.
பிறகு ஒரு குமிழி.
அது உடையுமுன் பக்கத்தில் இரண்டு.
இரண்டு எப்போது நாலானது என்று நான் பார்த்ததே இல்லை,
முப்பது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும்.

பாதி டிரம் காலிதானே என்று
மூன்று மணிக்குக் கண்ணயர்ந்தவன்
மூன்றரைக்கு மாவில் கால் வைத்து எழுந்தான்.
போன மே மாதம்.
நான்தான்.

வழிந்தது போக மிச்சமும் ஓரிடத்தில் நின்றுவிடும்.
அரிசி தீர்ந்தா நிற்கிறது?
இல்லை, விரலில் தொட்டால் இன்னும் நறநறக்கிறது.
தான் விட்ட புளிப்பு
தன் கழுத்துவரை ஏறி நிற்கிறது.
தீனி சுற்றிலும் கிடக்க
அதுகள் அடங்கிப்போகும்.

இந்தச் சந்தில் முதல் சைக்கிள் சங்கிலிமாடனுடையது.
பின்னால் அலுமினிய டேக்சா, கைப்பிடியில் ரப்பர் ஹார்ன்.
அடுத்த வருஷம் அவன் மைத்துனன்.
மைத்துனனுக்கு இரண்டு தம்பிகள்.
தம்பிகளுக்கு ஊரில் நிலம் இல்லை, ரயில் இருந்தது.
இருபது. முப்பத்தாறு.
ஒரு தீபாவளிக்கு எழுபத்தொன்று.
மாவு வாங்கியவர்கள் கணக்கு, நோட்டில் இருக்கிறது.

அப்புறம் வடாலாவில்
ஒரே கட்டடத்துக்குக் கீழே, ஒரே காலையில்
மூன்று ஹார்ன்.
மூன்றாம் மாடி மராத்தி அம்மா ஜன்னலைச் சாத்தினாள்.
மத்தியானம் பாதி இட்லி திரும்பி வந்தது,
ஓரமெல்லாம் காய்ந்து.
வண்டிமலையானும் தளவாயும்
சட்னித் தூக்கால் அடித்துக்கொண்டது அந்த மாதம்தான்.
ஒருவன் நாலாசோப்ரா போனான்.
ஒருவன் வாட்ச்மேன் ஆனான்.
ஒருவன் ஊருக்கே திரும்பினான்.
ஒருவன் எங்கே என்று சொல்லவில்லை,
இருநூற்றுப் பத்து ரூபாய் பாக்கி.

இப்போது ஐம்பத்திரண்டு.
மழையில் ஐம்பது ஆகும்,
பள்ளிக்கூடம் திறந்தால் ஐம்பத்தைந்து.
சங்கம் தீர்மானம் போடவில்லை.
போலீஸ்காரனும் சொல்லவில்லை.
யார் எழுதினார் என்று தெரியாத ஓர் எண்ணுக்கு
நாங்கள் அத்தனை பேரும்
காலையில் எழுந்து, பல் விளக்கி,
சரியாக வந்து சேர்ந்துவிடுகிறோம்.

எங்கள் அறை பத்துக்குப் பன்னிரண்டு.
ஒன்பது பேர்.
பகலில் நாலு பேர் தூங்குவோம், இரவில் ஐந்து பேர்.
பாய் சூடு ஆறி நான் பார்த்ததில்லை.

இரண்டேகாலுக்கு போன் அதிர்ந்தது.
அக்கா மகன் கொம்பையா.
'மாமா, பத்தொன்பதாம் தேதிக்கு டிக்கெட் இருக்கு. எடுக்கவா?'
நீல டிக் விழுந்துவிட்டது.
நான் பார்த்துவிட்டேன் என்று
அங்கே கயத்தாற்றில் முழித்துக்கொண்டிருக்கிறான்.

ஐம்பத்துமூன்றாவது சைக்கிள்.
ஆளுக்கு ஆறு இட்லி குறைந்தாலும் போதும்
அவன் பிழைத்துக்கொள்ள.
அந்த ஆறு இட்லியை நம்பித்தான்
தளவாய் மகளுக்குக் கண்ணாடி மாற்ற நினைத்திருக்கிறான்.
இதை அவனுக்கு எப்படி டைப் செய்வது?
'இடமில்லை' என்று அடித்தேன்.
அழித்தேன்.
சங்கிலிமாடன் என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால்?
அன்றும் இடமில்லைதான். சொல்லவில்லை.

நாலு மணி.
கல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.
எடுத்தேன். மூடி தானாக எழுந்தது.
நாளைக்கு உறை ஊற்ற
ஒரு கிண்ணம் தனியாக மோந்து வைத்தேன்.
சந்து முனையில் முதல் ஹார்ன்.

மாவுக்கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு
ஒற்றை விரலால் அடித்தேன்:
'எந்த ரயில்?'