ஆகக் குறைந்த துயரம்

உயரம் அளக்கும் பலகைக்கு நான்தான் பொறுப்பு.
இருப்புப் பதிவேட்டில் நாற்பத்தோராம் இலக்கம்:
மரத்தாலானது, ஒன்று, பாவனைக்கு உகந்தது.

கொம்பனித்தெருவில் மூன்றாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் வாவி மணக்கும்,
மூடினால் வரிசை மணக்கும்:
பவுடர், வியர்வை, இரவல் சப்பாத்தின் பொலிஷ்.
ஏழரைக்கே லிஃப்ட் வாசல்வரை பெடியன்கள்,
பிளாஸ்டிக் உறைக்குள் பிறப்புச் சான்றிதழை
மழைக்குப் பயந்து நெஞ்சோடு அணைத்தபடி.

பொலிஸ் கான்ஸ்டபிள், தமிழ்மொழி மூலம்,
இருபத்திரண்டு வெற்றிடம்.
கிருலப்பனையில் ஒருத்தி இரவு பத்துக்கு
முறைப்பாட்டோடு போய்,
அதை எழுதத் தெரிந்த ஆளில்லாமல்
விடியும்வரை வாங்கில் இருந்தாளே,
அதன்பிறகு வந்த இருபத்திரண்டு.

வர்த்தமானி மூன்று மொழியிலும் ஐந்தடி நான்கு என்கிறது.
தமிழில் மட்டும் அச்சுக் கோத்தவர் கைதவறி
'ஆகக் குறைந்த துயரம்: ஐந்தடி நான்கு அங்குலம்.'
திருத்தம் கேட்டு ஆறு கடிதம் போட்டேன்.
ஆறாவதற்குப் பதில் வந்தது:
தங்களது முதலாவது கடிதம் கிடைத்தது.

நெஞ்சளவுக்கு மூச்சை இழுத்துப் பிடித்த ஒருவன்
பெயர் கேட்டபோது வாய் திறக்க மாட்டாமல் நின்றான்.

எமில்ரன், முகத்துவாரம்.
எழுத்துப் பரீட்சையில் எண்பத்தொன்று.
விடியற்காலையில் மீன்பெட்டி இறக்குபவன்;
தோள் பலகையின் இருபக்கமும் வழிந்தது.
ஐந்தடி மூன்றரை.
இன்னொருமுறை, என்றான். அளந்தேன்.
மூன்றரை.
"முந்தாநாள்தான் மிஸ் ஒட்ட வெட்டினேன்,
பொலிசுக்குன்னு. வெட்டாம வந்திருந்தா?"
தலைமயிர் கணக்கில் இல்லை என்றேன்.
விதியில் அப்படி ஒரு வரி கிடையாது,
நானே சொன்னது.

பதினொன்று இருபதுக்கு ஃபெக்ஸ் முனகியது.
பிரதி அமைச்சரின் செயலாளர் ஒப்பம்:
விளையாட்டில் திறமை காட்டியோருக்கு
இரண்டு அங்குலம் தளர்த்தலாம்.
தாபனக் கோவையைப் புரட்டினேன்.
தளர்த்தல் இருக்கிறது,
தளர்த்தும் அதிகாரம் யாருக்கு என்பதும் இருக்கிறது,
இவர் அதில் இல்லை.
பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கோவை எங்கேயும் ஓடாது மெடம்.
பின்னேரம் பார்ப்போம்."

பதினொன்று நாற்பதுக்குத் துவாரகன் வந்தான்.
ஐந்தடி இரண்டு. நாற்பத்தேழு புள்ளி.
கரம் சுற்றுப்போட்டியில் இரண்டாமிடம்,
சான்றிதழில் நேற்றைய திகதி,
மை என் விரலில் ஒட்டியது.
அவனை வெறுக்க முயன்றேன்.
அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது.
தகப்பன் மூன்று தேர்தலுக்குப் பசை காய்ச்சியவராம்;
கேட்காமலே சொன்னான், தகைமையைச் சொல்வதுபோல.

என் பெரியப்பாவும் ஒட்டினார்,
வெள்ளவத்தைச் சுவர்களில், ஒரு மாதம், இரவில்.
தொண்ணூற்றேழில் ஒரு துண்டு கிடைத்தது,
சிகரெட் பெட்டி மட்டையில், பச்சை மையில்:
'இவரைக் கவனிக்கவும்.'
கவனித்தார்கள்.
இருபத்தாறு வருடமாக இந்தக் கதிரை
என்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறது.

பின்னேரம் கோவையை யாரும் திறக்கவில்லை.

எல்லோரும் போனபின்
மடியிலிருந்த மாலுபாண் துகளைத் தட்டிவிட்டு
செருப்பைக் கழற்றிப் பலகையில் ஏறினேன்.
ஐந்தடி அரை அங்குலம்.
என் பதவிக்கு உயரம் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அதற்கும் வெள்ளவத்தையில்
ஒரு சுவர் இருந்திருக்கும்.

நிராகரிப்புக் கடிதங்களைத் தமிழில் எழுதுவது நான்.
காரணம் என்ற கட்டத்தில்
வர்த்தமானியின் சொற்களை ஓர் எழுத்தும் மாற்றக்கூடாது.
அது விதி.
இன்றைக்கு ஒரு விதியாவது, என்று நினைத்தேன்.

'திரு. எமில்ரன் அவர்களுக்கு,
ஆகக் குறைந்த துயரத்தை எட்டுவதற்குத் தங்களிடம்
அரை அங்குலம் போதாமையால்...'

முத்திரை குத்தினேன். ஈரமாக இருந்தது.
ஊதிக் காயவைத்தேன்.