எட்டில் ஒன்று

லண்டன்பேட்டையில் லண்டன் விளக்கு கிடைத்தது என்றால்
கிருஷ்ணகிரியில் யாரும் சிரிப்பார்கள்.
அத்தாவுல்லா பாய் சிரிக்கவில்லை. தராசில் வைத்தார்.
தளிப் பக்கம் பங்களா இடித்தபோது வந்ததாம்,
குளியல் தொட்டிக்கும் குதிரைச் சேணத்துக்கும் நடுவே.
"அடி செம்பும்மா, கிலோ எழுநூறு.
கண்ணாடிக்குக் காசு வேணாம், ஒடையிற சாமான்."
கை நடுங்கியதை மறைக்க
கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லிச்
சண்டை போட்டேன்.

இது என் ஏழாவது விளக்கு.
ஒன்றுக்கு மயில்கழுத்து நிறம், நடுவில் விரிசல்.
ஒன்றுக்குக் கண்ணாடியே இல்லை, மைக்காத் தகடு,
ஏற்றினால் காய்ச்சல்காரன் தோல்போலச் சிவக்கும்.
இன்னொன்று மொரதாபாத்தில் போன வருஷம் பிறந்து
நூறு வயது என்று என்னிடம் பொய் சொன்னது.
அதையும் வைத்திருக்கிறேன்.

மாதையனுக்கு ராயக்கோட்டையில் தக்காளி மண்டி.
மறுநாள் அழுகும் சரக்கில் பிழைப்பவர்
நூறு வருஷக் கண்ணாடியை எப்படி நம்புவார்?
விளக்கின் விலையைப் பெட்டிக் கணக்கில் கேட்பார்.
நான் பாதி சொல்வேன்.

குளவிக்கூட்டைச் சுரண்டி, கரியைக் கழுவி,
நீராவி பிடித்துப் பார்த்தேன்.
செம்பெங்கும் சுத்தியல் அடி, அம்மைத் தழும்புபோல.
நான்கு ஆணிகள். நான்கும் வெளியே.
இங்கே சேர்த்தேன், இப்படிச் சேர்த்தேன் என்று
எவனோ நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதுபோல.

என் தொழில் இதற்கு நேர் எதிர்.
பழையபேட்டை மாடியில் பல் செய்கிறேன்.
ஒட்டு தெரிந்தால் டாக்டர்கள் திருப்பி அனுப்புவார்கள்.
இந்த ஊரில் எத்தனையோ கல்யாண ஃபோட்டோக்களில்
சிரிப்பது நான்தான்.
யாருக்கும் தெரியாது.

எங்கள் போர்த் தண்ணீர்
பல்லில் பழுப்பாய்க் கோடு எழுதும்.
ஜெர்மனியிலிருந்து வரும் நிற அட்டையில்
அந்தப் பழுப்பு கிடையாது.
பென்னாகரத்து வாயில் வெள்ளைப் பல் வைத்தால்
தெருக்கோடியிலேயே பொய் தெரியும்.
ஆகவே பதினோரு பழுப்புகள்
நானே கலந்து சீசாவில் வைத்திருக்கிறேன்.

எட்டுச் சில்லுகளில் ஒன்று இல்லை அந்த விளக்குக்கு.
நான்காம் பழுப்பும் ஒன்பதாம் பழுப்பும்,
நடுவில் பாலாடைபோல ஒரு சுழி.
மூன்று ராத்திரி.
நான்காம் நாள் எது என்னுடையது என்று
எனக்கே ஒரு நொடி தடுமாற்றம்.

பெங்களூரிலிருந்து பூணச்சா வந்தார்,
டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக.
இரண்டாவது சில்லின்மேல் விரல் வைத்தார்:
"இது மட்டும் புதுசு."
என்னுடையதைத் தடவிக்கொடுத்தார்:
"இந்தக் கண்ணாடி இனி எவராலும் முடியாது."
ஒட்டு இருப்பதால் ஒன்றரை லட்சம்,
இல்லாவிட்டால் இரண்டு என்றார்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

தொழில்காரிக்கு இதைவிடப் பாராட்டு வேறில்லை.
இருந்தும் அன்று சோறு இறங்கவில்லை.
ஒரு பாவமும் அறியாத அந்த இரண்டாவது சில்லு
பழியோடு நின்றது, எதிரே,
நான் வாய் திறக்கவில்லை.

நள்ளிரவில் என்னுடையதைப் பெயர்த்தேன்.
பாயிடம் சும்மா வாங்கிய
பழைய லாரியின் பின்விளக்குக் கண்ணாடி, ரத்தச் சிவப்பு,
அதை அறுத்து வைத்தேன்.
ஈயத்தைத் தடிப்பாகவே விட்டேன், கோணலாகவே விட்டேன்.
ஊசியால் பேரைக் கீறினேன், தேதியையும்.
இருபத்திரண்டு வருஷத் தொழிலில்
எதிலும் நான் பேர் எழுதியதில்லை.

இரண்டரை மணிக்கு மண்டிக்குக் கிளம்பியவர்
வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நின்றார்.
"என்னடி, இதுக்குத் தங்கப்பல் கட்டியிருக்கே?"
"ஆமா."
"வெல கொறையுமே."
"பாதிக்கு மேல."
கொஞ்ச நேரம் பார்த்தார்.
"நேத்து தக்காளி பெட்டி தொண்ணூறு" என்றார்.
வேறெதுவும் சொல்லவில்லை.
வண்டி திரும்பும்வரை
அவர் முதுகில் சிவப்பு ஒட்டியிருந்தது.