சர்த்தேன்

பல்கலைக்கழகப் படிவத்தில் மூன்று கட்டங்கள்:
பெயர்,
முதல் குடும்பப்பெயர்,
இரண்டாம் குடும்பப்பெயர்.
என்னிடம் இருந்ததோ ஒரு பெயரும்
புள்ளி வைத்த ஓர் எழுத்தும்.

எழுத்தைப் பிரித்துக் கதிரேசன் என்று நிரப்பினேன்.
மூன்றாவது காலியாக இருந்தால் கணினி வாங்காது என்றாள்
ஏழாம் எண் சாளரத்துப் பெண்.
சாயம் உரிந்த நகத்தால் திரையைத் தட்டிக் கேட்டாள்:
உனக்கு அம்மா கிடையாதா?

இருக்கிறாள். வேதவல்லி.
இருபது வருடத்தில் முதன்முறையாக
என் பெயருக்குப் பின்னால் வந்து நின்றாள் அவள்,
மெக்சிகோ நகரத்தில், ஓர் ஆகஸ்ட் மாதத்து வரிசையில்,
பின்னால் நின்றவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருக்க.

வகுப்பில் நான் செஞ்ஞோரித்தா கதிரேசன்.
ஒவ்வொரு முறையும்
அப்பா எங்கே என்று ஒரு கணம் தேடிவிட்டுத்தான்
கை தூக்குவேன்.

தங்கியது நான்காம் மாடிக்கு மேலே,
தண்ணீர்த் தொட்டிகளுக்கும் எரிவாயு உருளைகளுக்கும் நடுவே
மொட்டைமாடி அறை.
மெட்ரோவில் நிலையத்துக்கொரு படம் உண்டு.
நாரையில் ஏறி
ஓநாயைக் கடந்து
கல்லூரிக்குப் போவேன்.
'நூலகம் எங்கே இருக்கிறது?'
பிசகாமல் சொல்லத் தெரிந்த ஒரே வாக்கியம்.
நூலகத்துக்குள் நின்றுகொண்டே
அதைக் கேட்டிருக்கிறேன் ஒருநாள்,
பேச ஆளில்லாமல்.

செப்டம்பரில் ஓரிரவு, இரண்டே கால் மணிக்கு,
கம்பத்து ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒரேயடியாக ஊளையிட்டன.
முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன்.
அடுப்பை அணைத்த கைக்கு
வாணலியைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.
சுழற்படி. இருட்டு. செருப்பில்லை.

தெரு நிறைந்துவிட்டது.
முதல் மாடி எர்லிந்தா, போர்வை சுற்றிய கிளிக்கூண்டோடு.
டாக்சி ஓட்டும் எவரார்தோ, ஒரு கையில் மகன்,
மறு கையில் வீட்டுப் பத்திரம்.
பல் மருத்துவர் ஒருவர்,
அவசரத்தில் தன் பல்செட்டை விட்டுவிட்டு.
எல்லோரும் அண்ணாந்து மின்கம்பிகளையே பார்த்தார்கள்.
கம்பி ஆடினால்தான் நிஜம்.

ஆடவில்லை.
பத்து நிமிடம் காத்திருந்தோம்,
வருகிறேன் என்று சொல்லி ஏமாற்றிய விருந்தாளிக்காக
வாசலில் நிற்பவர்களைப்போல.
அதற்குப் பிறகுதான்
என் கையில் இருந்ததன்மேல் எல்லார் கண்ணும் விழுந்தது.
எவரார்தோவின் மகன் கிட்டே வந்தான்.
உப்புப் போட்டாயா?
போடவில்லை, என்றேன்.
பரவாயில்லை என்று
விரலாலேயே தின்று முடித்தான்.

விடிந்தபோது எனக்குப் பெயர் மாறியிருந்தது.
சர்த்தேன்.
வாணலி என்று அர்த்தம்.
என் காதுக்கு அது வேறொன்று:
பார்த்தேன், சேர்த்தேன் என்பதுபோல
'சர்' என்று ஏதோ ஒரு வினை இருந்து
இறந்தகாலத்தில், தன்மையில்,
நான் அதைச் செய்துமுடித்தாற்போல.
என்ன செய்தேன் என்று இன்னும் தெரியாது.

சோள ரொட்டிக் கடையில் சர்த்தேன்.
சலவைக்காரர் சீட்டில் சர்த்தேன்.
கிளிகூடச் சொல்லும் என்று எர்லிந்தா சத்தியம் செய்தாள்;
எனக்கு அது சீட்டியடித்ததாகத்தான் கேட்டது.

டிசம்பரில், தேர்வுக்கு முந்தைய மாலை,
நிஜமாகவே ஆடியது.
நூலகத்தில் விளக்குகள் ஊசலாட,
பேனா தானே உருண்டு மேசையிலிருந்து குதித்தது.
ரயில் நிறுத்தம். நடந்தேன்,
மூன்று மணி நேரம்,
நாரைக்கும் ஓநாய்க்கும் மேலே,
சாலையிலேயே.

என் தெருவில் இன்னும் யாரும் வீட்டுக்குள் போகவில்லை.
எர்லிந்தா தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்;
குறைகிறது என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.
முனையிலேயே கண்டுகொண்ட பையன்
பெயரைக் கத்தினான்.

கை தூக்கினேன்,
யாரையும் தேடாமல்.

வெறுங்கையோடா வருகிறாய், என்று
தெருவே என்னைத் திட்டியது.