அரைப் பை சீமெந்து

தொண்ணூற்றேழு, மல்லாவி.
சீமெந்து தடைசெய்யப்பட்ட சாமான்.
எங்கள் கொட்டிலுக்குப் பின்னால்
அரைப் பை இருந்தது,
பொலித்தீனில் சுற்றி, சாக்கில் போட்டு,
என் பாவாடை நாடாவால் கட்டி.
கக்கூஸ் கட்ட வைத்தது.

குலநாயகம் மாஸ்டர் சைக்கிளில் வந்தார்,
சந்தையடியில் புலவருக்குச் சிலை என்று.
எந்தப் புலவர் என்றேன்.
ஈராயிரம் வருசம் முந்தியவர்,
மன்னர் வாசலில் பசியோடு நின்று பாடினவர்.
அப்ப அவருக்கும் நிவாரண அட்டை இல்லையோ
என்று கேட்டுவிட்டு
பையைத் தூக்கிக் கொடுத்தேன்.
ஏனென்று இன்றைக்கும் தெரியாது.
இவர் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.
பற்றைக்குப் போய்வரும்போதெல்லாம்
புலவரைத்தான் திட்டினார்.

ஆரோ கிணற்றுக்கட்டுக்கு வைத்ததில் ஒரு சுண்டு,
ஆரோ மகனின் கல்லறைக்கு வைத்ததில் இரண்டு பேணி.
கம்பி, உடைந்த பாலத்தினுடையது.
தவராசா மேசன் அதுவரை செய்தது
தண்ணீர்த் தொட்டிகள் மட்டும்தான்.
புலவருக்கும் தொட்டிமாதிரி ஒரு வயிறு வந்தது.
பசித்தவருக்கு
அது நல்லாத்தான் இருந்தது.

இரண்டாயிரத்தெட்டில் விட்டுவிட்டுப் போனோம்.
திரும்பி வர, நின்றார்,
தலையில்லாமல்.
அதைப்பற்றி ஒருவரும் பெரிதாய்க் கதைக்கவில்லை.
எண்ணுவதற்கு எங்களிடம் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

போன மாசம் கனடாக் காசில் புதுச் சிலை.
பைபர், பொன்னிறம், ஒட்டிய வயிறு.
பலகையில் கொடுத்தவரின் பெயர் ஒரு சாண்,
புலவரின் பெயர் நாலு விரல்.

பழையதைப் பெக்கோ இடிக்கையில் பார்த்துக்கொண்டு நின்றேன்.
வயிறு பிளந்தது:
கடல் மணல், சிப்பி,
அடைப்புக்குத் திணித்த சாக்குகள்,
ஒன்றில் நீல நாடா.
என்னுடையதாக இருக்கலாம்.
அந்த வருசம் கடைகளில் கிடைத்தது
அந்த நீலம் ஒன்றுதான்.

டிரைவர் பெடியனிடம் கேட்டேன்,
இடிபாட்டை எங்கள் வளவில் கொட்டினான்.
மலசலகூடம் என்.ஜி.ஓ. கட்டித் தந்துவிட்டது,
கதவில் அவர்கள் பெயர் இருக்கிறது.
ஆகவே குளிக்கிற இடத்துக்குப் போட்டு இடித்தோம்:
தோள், முழங்கால், மடிப்பு மடிப்பாய் வேட்டி.

கை மட்டும் மிஞ்சியது.
பரிசிலுக்கு ஏந்திய வலது கை,
சுண்டுவிரல் இல்லை.
உலக்கையை ஓங்கின இவர்
இறக்கி வைத்துவிட்டு
வெற்றிலை போடப் போய்விட்டார்.

கிணற்றுக்கட்டில் வைத்திருக்கிறேன்.
உள்ளங்கையில் சவர்க்காரம் அளவாய்ப் பொருந்துகிறது.
ரெண்டு நாளைக்கு ஒருக்கால்
காகம் தூக்கிக்கொண்டு போகிறது.
வேறொன்று வைக்கிறேன்.