இருபத்தேழு நிறுத்தங்கள்

பெர்லின். கெசுண்ட்புருன்னன் ஸ்டேஷன் பக்கத்து விடுதி.
சுவர்க் கடிகாரத்தில் மூன்று.
உடம்புக்கு ஆறரை, பால்காரர் வந்துபோன நேரம்.
கல்யாணமாகிப் பதினோரு நாள்.
நடுவில் காகித வரைபடத்தை விரித்துக்
கட்டிலின் இரு கரைகளில் உட்கார்ந்திருக்கிறோம்.

உன் நண்பன் அனுப்பிய பட்டியல்
போனில் ஒளிர்கிறது: வளைவு வாசல், கோபுரம், சுவர்,
கண்ணாடிக் கூரை, படகு, மறுபடி சுவர்.
எங்கே நின்றால் படம் நன்றாக வரும் என்று
ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி போட்டிருக்கிறான்.
வேண்டாம் மகிழ்நன்.
பதினோரு நாளாக நின்றுகொண்டுதான் இருக்கிறோம்.
கொஞ்சம் இப்படி, தாடையை இறக்குங்க, அக்கா சிரிங்க.
அக்கினியை வலம் வந்தபோதுகூட
இரண்டாம் சுற்றில் நிறுத்தி
லென்ஸ் மாற்றினார்கள்.
புகையில் என் கண் எரிந்ததை
ஆனந்தக் கண்ணீர் என்று ஆல்பத்தில் போடுவார்கள்.

நாளைக்கு என் திட்டம் இது.
இந்த ஊரைச் சுற்றி ஒரு ரயில் ஓடுகிறது.
எங்கும் போகாது; ஒரு மணி நேரத்தில்
ஏறின இடத்துக்கே வந்துவிடும்.
நாற்பத்தொன்று வலமாக, நாற்பத்திரண்டு இடமாக.
நாம் நாற்பத்தொன்றில் ஏறுவோம்.
ஜன்னலில் எதுவும் பிரமாதமாக வராது:
தகரக் கொட்டகை, தக்காளிக்குக் குச்சி நட்ட குட்டித் தோட்டங்கள்,
பால்கனியில் காயும் யாரோ ஒருவரின் பனியன்,
சரக்குப் பெட்டிகள்.
பசித்தால் எங்கேயாவது இறங்கி ரொட்டி வாங்குவோம்.
காலி பாட்டிலை விழுங்கிவிட்டுக்
காசுச் சீட்டு துப்பும் இயந்திரம் ஒன்று
மளிகைக் கடைகளில் உண்டாம்; அதன்முன்
நீ எப்படி முழிக்கிறாய் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.
ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் அடைப்பு.
அன்றைக்குப் பேச்சைத் தவிர வேறெதுவும் கிடைக்காது.

இன்னொன்று சொல்லட்டுமா, சிரிக்கக் கூடாது.
நிறுத்தங்களை எண்ணினேன். இருபத்தேழு.
ஏறும் இடத்தை அசுவினி என்று வைத்து
விரல்விட்டு வந்தால்
இருபதாவது, ஹாலன்ஸே.
என் பூராடம்.

நூலாடாது என்று
ஏழு வீடுகள் காபியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்ன
பூராடம்.
முப்பத்திமூன்று வயது வரை அந்த நட்சத்திரத்தில்
யாரும் ஒரு பெஞ்சுகூடப் போட்டுத் தரவில்லை.
இங்கே பெஞ்சு இருக்கும். இறங்கி உட்காரப் போகிறேன்.
கொஞ்சம் நடந்தால் ஏரியாம்.
தினமும் எத்தனை பெண்கள் அங்கே இறங்கி
பைக்குள் சாவியைத் துழாவிக்கொண்டே
வீட்டுக்குப் போகிறார்களோ.
ஒருத்தி கழுத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிறகு மறுபடி ஏறுவோம்.
இருபத்தேழாவது, உன் ரேவதி.
அந்த ஸ்டேஷன் பெயர் என்ன தெரியுமா?
ஆங்கிலத்தில் படித்தால் கல்யாணம்.
இவர்கள் வாயில் வெடிங். நம் காதுக்கு வெடி.
பூராடத்திலிருந்து அதுவரைக்கும்
ஜோசியர் கணக்கில் எட்டு, உத்தமம்.
ரயில் கணக்கில் ஏழு.
ஏழடிதான்.

நீ சிரிக்கவில்லை.
வரைபடத்தின் மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டே சொல்கிறாய்:
"நான் பிறந்த நேரம் குத்துமதிப்பு.
ஆஸ்பத்திரிக் கடிகாரம் அன்னைக்கு ஓடலையாம்.
விடியறதுக்குக் கொஞ்சம் முன்னன்னு
அம்மாதான் எழுத வெச்சாங்க.
கொஞ்சம் பின்னன்னா அசுவினி.
உங்க வீட்டுல சொல்ல விடல."

கீழே தெருவில்
பாட்டில் பொறுக்குகிறவரின் தள்ளுவண்டி
கலகலத்துக்கொண்டு போகிறது.
தூறல் ஆரம்பித்திருக்கிறது.

எண்ணிப் பார்க்கிறேன், தேவையில்லைதான்.
ரேவதிக்கு அடுத்து அசுவினி.
வெடிங்குக்கு அடுத்து
இந்த விடுதி, இந்தக் கட்டில்,
நீ இன்னும் பிரிக்காத உன் பெட்டி.

"அப்ப ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கு" என்கிறேன்.

"குடை ஒண்ணுதான் இருக்கு" என்கிறாய்.